தொட்டிக்கு மூடி

உப்புத் தண்ணீர் மீன் வளர்ப்பது எல்லாருக்கும் சரிப்பட்டு வராது, இன்ஸ்பெக்டர் மேடம். கப்பி மீனா என்ன, ஒரு பிடி தீனி போட்டுவிட்டு ஊருக்குப் போக? தண்ணீரில் சூடு கொஞ்சம் ஏறினாலும் போச்சு.

அபிராமபுரம் ஃப்ளாட்டில் ஹாலை அடைத்துக்கொண்டு நிற்கிறதே, அந்தத் தொட்டியில் இருப்பது ஒரே மீன். ஹாக் ஃபிஷ் என்பார்கள். விரல் நீளம், நல்ல சிவப்பு. பாறைமேல் அசையாமல் உட்கார்ந்து கண்ணை மட்டும் உருட்டும். இறால் குஞ்சு எதிரே வந்தால் ஒரே பாய்ச்சல். ஆனால் மூடி இல்லாவிட்டால் வெளியே குதித்து, தரையில் கருவாடாகக் கிடக்கும். அதனால்தான் மூடி. அதைக் கொடுமை என்று யாரும் சொல்வதில்லை.

நீங்கள் கேட்டது என் மனைவி மேகலாவைப் பற்றி. கல்யாணமான புதிதில், "எங்கயும் போவ மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, மறுநாளே சைதாப்பேட்டையில் அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள். கூட்டிவந்து, சின்ன அறையில் விட்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டேன். பழகும்வரை என்றுதான். ஜன்னல் வழியாக எதிர் ஃப்ளாட் சொர்ணத்தம்மாவைக் கூப்பிட்டாள். ஜன்னலுக்குப் பலகை அடித்தேன். வேளாவேளைக்கு நானே சமைத்துக் கொடுத்தேன். மீன் குழம்பு மட்டும் கிடையாது. தொட்டி இருக்கிற வீட்டில் அது முறையில்லை.

கத்திரி வெயிலில் அன்று கரண்ட் போய்விட்டது. தொட்டியைக் குளிர வைக்கும் சில்லர் மெஷினையும் அந்த அறை ஃபேனையும் எங்கள் இன்வெர்ட்டர் சேர்த்து இழுக்காது. ஏதாவது ஒன்றை நிறுத்தியாக வேண்டும். மீனால் வாய் திறந்து சொல்ல முடியாதே. சூடு தாங்காமல்தான் இறந்தாள் என்று டாக்டர் சொன்னது சரிதான். ஃபேனை நிறுத்தியது நான். வேறு யார்மேலும் பழி போட மாட்டேன்.

மத்தியானம் கதவைத் தட்டினாள்.

"இன்னாங்க, கொஞ்சம் கதவைத் தொறங்க. மூச்சு முட்டிக்கினு வருது. எங்கயும் போவ மாட்டேன், சத்தியமா."

முன்பும் இதையேதான் சொன்னாள். தட்டாதே, மீன் மிரளுது என்றேன். உண்மையிலேயே மிரண்டு, பாறை இடுக்கில் போய் ஒளிந்துகொண்டது. எனக்கு ஆத்திரம்தான். ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. தெர்மாமீட்டரைப் பார்த்தபடி தொட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

தட்டுவது மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிட்டது. மீன் வெளியே வந்து, பழையபடி பாறைமேல் உட்கார்ந்தது. என் மனசு நிறைந்துவிட்டது, மேடம். ஒருவழியாகப் பழகிவிட்டாள் என்று நினைத்தேன். அதனால்தான் கரண்ட் வந்த பிறகும் கதவைத் திறந்து அவளைத் தொந்தரவு செய்யவில்லை.