தையல் பிரியாத ஆடு

எனக்கு டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும் சார். இது சரியாக இருக்கிறது. குடித்துக்கொண்டே சொல்கிறேன்.

நான் சினிமாவுக்கு உடுப்புத் தைப்பவன். இது விடுமுறைக்கு வரவேண்டிய பேய்ப்படம். நார்வே, சுவீடன் பக்கத்துப் பழங்கதையாம்: குளிர்கால விடுமுறையில் கொம்பு வைத்த ஆடு ஒன்று இரண்டு காலில் நடந்துவந்து வீட்டுக்கு வீடு கதவை முட்டுமாம். டைரக்டர் சொன்னபோதே கை பரபரத்தது. அந்த ஆட்டு உடுப்பைப் பதினொரு வாரம் தைத்தேன். முடித்து நிறுத்தியபோது, உப்பைப் பனியாகத் தூவிக்கொண்டிருந்த ஆள் ஏணியிலிருந்து குதித்து ஓடினான். அன்றைக்குச் சாப்பிடாமலே எனக்கு வயிறு நிறைந்தது.

ஆட்டுக்குள் நிற்க என் தங்கை புருஷனைச் சேர்த்துவிட்டதும் நான்தான். கலகலப்பான ஆள். உள்ளே போனால் கண் தெரியாது, குரல் வெளியே வராது. ஜிப் முதுகில். அதனால் எங்கள் இருவருக்கு மட்டும் ஓர் ஏற்பாடு: மூச்சு முட்டினால் குளம்பால் மூன்று முறை தரையை உதைப்பான், நான் போய்த் திறப்பேன்.

அவனுக்குப் பொறுமை கிடையாது. நான் எழுந்து வருவதற்குள் உள்ளிருந்தே பிளேடால் வயிற்றைக் கிழித்துத் தலையை நீட்டுவான். “மச்சான், ஆட்டுக்குப் பிரசவம் ஆயிடுச்சு, சக்கரை குடுங்க” என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும்தான், நல்ல ஜோக் இல்லையா? பிறகு உட்கார்ந்து தைப்பேன். ஒன்பது தடவை தைத்தேன்.

“தோலைக் கிழிக்காதீங்க மாப்ள” என்றேன்.

“தோல்தானே மச்சான், என் உசுரா?”

கடைசி நாள் அவனுடைய பிளேடை எடுத்து என் பெட்டியில் போட்டேன். ஜிப்பைப் பிரித்தெடுத்துவிட்டு, அவன் உள்ளே போனதும் இரட்டை நூலில் முதுகை மூடினேன். கடைசித் தையலுக்கு முன் இடுக்கு வழியாகக் கேட்டான்:

“என்ன மச்சான், இன்னிக்கு ஜிப் சத்தமே காணோம்?”

“எண்ணெய் போட்டிருக்கேன் மாப்ள.”

மூன்று முறை உதைத்தான். மறுபடியும் மூன்று. அப்புறம் எண்ண முடியவில்லை. டைரக்டர் சொக்கிப்போனார். “கேமராவ நிறுத்தாதீங்கப்பா, மனுஷன் இன்னிக்குத்தான் நடிக்கிறான்” என்றார். நான் உப்பு மூட்டைமேல் உட்கார்ந்து டீ குடித்தேன். ஓர் உதை விடாமல் காதில் விழுந்தது.

கொன்றது நான்தான், மழுப்பவில்லை. தங்கையிடமும் நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: ஒரு தையல் பிரியவில்லை. அவனை வெளியே எடுக்க உங்கள் ஆட்கள்தான் கழுத்திலிருந்து வால்வரை கத்தரிக்கோலால் கிழித்தார்கள். பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அத்தனை ஈவிரக்கமில்லாத மனுஷர்களை நான் கண்டதே இல்லை சார்.