கேமரா இல்லாத மாணவர்

எனக்குக் கைப்பேசியில் பேசுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது என்று என் வீட்டார் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். எழுபத்து மூன்று வயதில் ஒருவர் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஃபோன் கடையில் ஒரு சீனப் பெண் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு மாலைகள் போதுமாக இருந்தன.

தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள். நன்றி, இன்ஸ்பெக்டர்.

என் பெயர் கமாலுதீன். சூலியா தெருவில் எங்கள் அத்தர் கடையை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அத்தர், பன்னீர், ஊதுபத்தி, சாம்பிராணி. என் பாட்டனார் தொடங்கியது. இப்போது மகன் ஹாஃபிஸ் பார்த்துக்கொள்கிறான். கடைக்குப் பின்சந்தில் வீடு. வீட்டில் ஹாஃபிஸ், மருமகள் சலேஹா, பேத்தி அமீரா, நான். அமீரா இருந்தாள் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுக்குப் பத்து வயதில் ஆஸ்துமா வந்தது. புகை ஆகாது என்றார் டாக்டர். வியாழக்கிழமை மாலையில் ஃபாத்திஹா ஓதிச் சாம்பிராணி போடுவது எங்கள் குடும்பத்தில் விடாமல் நடந்துவந்த பழக்கம். அன்றே அதை நிறுத்தினேன். ஊருக்கெல்லாம் சாம்பிராணி விற்கிற வீட்டில் பன்னிரண்டு வருடம் புகை எழவில்லை. அவளுக்காக நான் விட்டுக்கொடுத்ததையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

படிப்பு முடிந்ததும் ஜுருவில் ஒரு கார் ஷோரூமில் வரவேற்பு மேசையில் சேர்ந்தாள். வாய் திறந்தால் தடுமாறுவாள். வாடிக்கையாளர் குரலை உயர்த்தினால் கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வருவாள் என்று சலேஹா சொன்னாள். ஷோரூம் மேனேஜர்தான் அந்த ஆன்லைன் வகுப்பைக் காட்டியிருக்கிறார். தன்னம்பிக்கையோடு பேசப் பயிற்சி. எட்டு வகுப்புகள், வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. வியாழன் அவளுக்கு விடுப்பு. நான்தான் சம்மதித்தேன். ஒரு பெண் நாலு பேரிடம் ஒழுங்காகப் பேசக் கற்றுக்கொள்வதில் எனக்கு மறுப்பு கிடையாது.

இரண்டாவது வகுப்பன்று அவள் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. தரையில் வெள்ளை டேப்பை நீளமாக ஒட்டியிருந்தார்கள். அமீரா அதன்மேல் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். சலேஹா கட்டிலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, “பயிற்சிதான் மாமா” என்றாள். எதற்குப் பயிற்சி என்று கேட்டேன். அவள் குனிந்து டேப்பை உரிக்கத் தொடங்கினாள். பேச்சு என்று சொல்லிச் சேர்த்த வகுப்பில் நடிப்பும் மாடலிங்கும் சேர்ந்தே இருந்தன. ஹாஃபிஸுக்கும் அது தெரியும். தெரியாதவன் நான் ஒருவன்.

மறுநாள் ஜும்ஆ முடிந்து தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தோம். முகம்மது கனி என்னோடு பள்ளியில் படித்தவர். எல்லார் முன்னாலும் சொன்னார்.

“கமாலு பாய், பேத்தி டிவிக்குப் போறாளாமே. இனி கடைக்கு விளம்பரம் ஃப்ரீ லா. ஊதுபத்திப் பெட்டியில உங்க மூஞ்சியையும் போட்டுடுங்க, கொசுவும் வராது.”

எல்லாரும் சிரித்தார்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அமீராவைப் பற்றி அவருக்குப் பெருமைதான் என்று பிறகு தெரிந்தது. நான் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தேன்.

அந்த வகுப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது வீட்டுப் பெரியவனின் பொறுப்பு. அந்தப் புது ஃபோனை வாங்கியது அதற்காகத்தான். கார்த்திகேசு என்ற பெயரில் பதிவுசெய்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர், தொண்டையில் அறுவைச் சிகிச்சை ஆனதால் பேச முடியாது, கேமரா பழுது, எழுத்தில் கலந்துகொள்கிறேன் என்று எழுதினேன். உடனே சேர்த்துக்கொண்டார்கள். பயிற்சி கொடுத்த பிரமிளா கோலாலம்பூரில் இருக்கிறாள். முன்பு டிவி நாடகங்களில் நடித்தவள். ஒவ்வொரு வாரமும் என் கறுப்புக் கட்டத்தைப் பார்த்து, “வணக்கம் கார்த்திகேசு ஐயா, சாப்பிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் வகுப்பைத் தொடங்குவாள்.

தவறான எதையும் அங்கே நான் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

ஒழுங்கான வகுப்பு. ஒரு விதியை மட்டும் பிரமிளா மிகவும் கண்டிப்பாக வைத்திருந்தாள். ஒருவர் நடித்துக் காட்டும்போது மற்றவர்கள் மைக்கை மூடிவிட வேண்டும். நடிப்பவர் “நன்றி” என்று சொல்லும் வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. பாதியில் ஒரு குரல் கேட்டால் ஆள் உடைந்துபோவார், பிறகு எழவே மாட்டார் என்பாள். எனக்கு அந்த விதி பிடித்திருந்தது.

ஐந்தாவது வகுப்பில் ஒரு பயிற்சி. வீட்டில் இருக்கும் ஒருவரை வார்த்தையில்லாமல் செய்து காட்ட வேண்டும். அமீரா எழுந்தாள். கைகளைப் பின்னால் கட்டினாள். தாடையை உயர்த்தினாள். வாசலில் நின்று இரண்டு முறை செருமினாள், எல்லாரும் எழுந்து நிற்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஒலி இல்லாத சிரிப்பை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இருபத்திரண்டு கட்டங்களில் இருபத்திரண்டு வாய்கள் திறந்திருந்தன. சத்தம் மட்டும் இல்லை. அவள் “நன்றி” என்றதும் மைக்குகள் திறந்து எல்லாச் சத்தமும் ஒன்றாக வந்தது. ஈப்போவைச் சேர்ந்த கோகுலன் என்ற பையன், “பாவம் லா அந்தத் தாத்தா, கழுத்துக்கும் சேர்த்து அயர்ன் போட்ட மாதிரி நிக்கிறாரு” என்றான். அமீராவும் சிரித்தாள்.

இதற்கும் பின்னால் நடந்ததற்கும் தொடர்பு இல்லை. வரிசையாகச் சொல்ல வேண்டும் என்பதால் இதையும் சொல்கிறேன். அவள் செய்தது நன்றாகவே இருந்தது. ஆனால் நான் இரண்டு முறை செருமுவதில்லை.

ஏழாவது வகுப்பு முடிந்த அன்று சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தோம். கடைசி வகுப்பில் ஒரு நாடகக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து பார்ப்பார்கள், தேர்வானால் கோலாலம்பூரில் ஆறு மாதம் ஷூட்டிங் என்றாள் அமீரா. கூடாது என்றேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்குப் பிறகு யாரும் பேசியதில்லை. அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். என் கண்ணைப் பார்த்தாள். சற்றுப் பொறுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“நான் கேட்கல, தாத்தா. சொல்றேன்.”

தடுமாற்றமே இல்லை. கண்ணைப் பார், மனதுக்குள் இரண்டு எண்ணு, குரலைத் தாழ்த்து. மூன்றாவது வகுப்பில் பிரமிளா சொல்லிக்கொடுத்தது. அப்போது நானும் வகுப்பில் இருந்தேன். ஹாஃபிஸ் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சலேஹாவின் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து மறைந்தது. அதையும் கவனித்தேன்.

கடைசி வகுப்புக்கு இரண்டு நாள் முன்னால் கார்த்திகேசுவுக்கு அவளிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. பயமாக இருக்கிறது ஐயா, நீங்கள் அன்றைக்கு இருந்தால் தைரியமாக இருக்கும் என்று எழுதியிருந்தாள். என் தாத்தாவிடம் இப்படிப் பேச முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் எழுதியிருந்தாள். நான் நிதானமாகப் பதில் எழுதினேன். கட்டாயம் இருப்பேன், மகளே. எது நடந்தாலும் பாதியில் நிறுத்தாதே. வந்து பார்ப்பவர்கள் அதைத்தான் கவனிப்பார்கள்.

அவளுக்குக் கொடுத்திருந்த காட்சி எனக்குத் தெரியும், வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். பூட்டிய அறைக்குள் இருக்கும் ஒரு பெண்ணுக்கு ஃபோனில் மரணச் செய்தி வருகிறது. அவள் அழக்கூடாது. மூச்சால் மட்டுமே எல்லாவற்றையும் காட்ட வேண்டும்.

வியாழக்கிழமை மதியம் சலேஹாவைக் கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு அனுப்பினேன். கந்தூரிச் சாப்பாடு கொடுத்துவிட்டு வரச் சொன்னேன். ஹாஃபிஸ் கடையில் இருந்தான். அமீரா குளிக்கப் போனபோது அவள் கைப்பையில் இருந்த இன்ஹேலரை எடுத்துக்கொண்டேன். சமையலறை அலமாரியில் இருந்த இன்னொன்றையும் எடுத்துக்கொண்டேன். ஐந்து மணிக்கு அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெளியிலிருந்து சாவியைத் திருப்பினேன். பழைய கதவு, ஆனால் நான் எண்ணெய் போட்டு வைத்திருப்பேன். சத்தம் வராது.

பிறகு கரியைப் பற்றவைத்து, சாம்பிராணிச் சட்டியைக் கதவின் அடி இடுக்கை ஒட்டி வைத்தேன். நல்ல சரக்கு, கடையில் முன்வரிசையில் வைக்காதது. நாற்காலியை இழுத்துப்போட்டுக் கதவுக்கு எதிரே உட்கார்ந்தேன். ஒரு காதில் மட்டும் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு வகுப்பில் சேர்ந்தேன்.

“வணக்கம் கார்த்திகேசு ஐயா, வந்துட்டீங்களா” என்றாள் பிரமிளா. அமீரா என் கறுப்புக் கட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

அவள் முறை மூன்றாவதாக வந்தது. அதற்குள்ளேயே இருமத் தொடங்கியிருந்தாள். ஃபோனைக் காதில் வைத்தாள். நான் எழுதியபடியே நிறுத்தாமல் செய்தாள். முதல் இரண்டு நிமிடம் நடிப்பு என்றுதான் நினைக்கிறேன். பிறகு கைப்பையைத் தேடினாள், மெத்தையில் கொட்டினாள். அதுவும் காட்சிக்குப் பொருத்தமாகவே இருந்தது. கதவுக்கு வந்தாள். கைப்பிடியைத் திருப்பினாள். தட்டினாள். அந்தத் தட்டல் எனக்கு இரண்டு முறை கேட்டது. முதலில் கதவில், ஒரு நொடி கழித்து ஃபோனில்.

“தாத்தா” என்று கூப்பிட்டாள். அதுவும் இரண்டு முறை கேட்டது.

ஃபோனில் எல்லாரும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனியிலிருந்து வந்த பெண் வாயில் கையை வைத்திருந்தாள். கோகுலன் மட்டும் எழுதினான்: மேடம், அக்காவுக்கு நெசமாவே மூச்சு முட்டுதா? பிரமிளாவின் முகம் மாறியது. அவள் கை மைக்கை நோக்கிப் போவது தெரிந்தது. நான் அதற்குள் எழுதிவிட்டேன். எனக்கு இப்போது நன்றாக வேகம் வந்திருந்தது. ‘இடையில் பேசினால் அந்தப் பெண்ணின் உழைப்பு வீணாகிவிடும். அவள் நன்றி சொல்லும் வரை பொறுப்போம்.’

பிரமிளா கையை எடுத்துவிட்டாள். பெரியவர்களுக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்த பெண். அவளை நீங்கள் மூன்று முறை விசாரித்ததாகக் கேள்விப்பட்டேன். தேவையில்லாதது.

அமீரா நன்றி சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கேமராவில் காலி நாற்காலியும் சுவரும் மட்டும் தெரிந்தன. யாரோ கை தட்டினார்கள். வேறு சிலரும் சேர்ந்துகொண்டார்கள். பிறகு பிரமிளா அவள் பெயரைக் கூப்பிடத் தொடங்கினாள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சத்தமாக. கதவுக்கு இந்தப் பக்கம் அமைதியாக இருந்தது. நான் வகுப்பிலிருந்து வெளியேறினேன். சட்டியை எடுத்துத் தண்ணீர் ஊற்றினேன், ஜன்னல்களைத் திறந்தேன், சாவியைத் திருப்பிக் கதவைத் திறந்தேன். ஒரு இன்ஹேலரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன், இன்னொன்றை அலமாரியில் மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். வாசனையைப் பற்றி உங்கள் ஆட்கள் கேட்கவே இல்லை. அத்தர்க் கடைக்காரர் வீட்டில் யார் கேட்பார்கள்.

அப்போதுதான் ஃபோன் அடித்தது. பிரமிளா சலேஹாவைக் கூப்பிட்டிருக்கிறாள், சலேஹா ஃபெரியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

“மாமா, அமீரா ரூம்ல எட்டிப் பாருங்க மாமா. சீக்கிரம் பாருங்க.”

பார்க்கிறேன் என்றேன்.

குடும்ப மானத்துக்காக இதைச் செய்தேன். அது என் கடமை. இதில் எனக்குக் கோபமோ வருத்தமோ இருந்ததில்லை. நேற்று வரை தூக்கமும் ஒழுங்காக வந்தது.

இப்போது ஏன் வந்தேன் என்று கேட்கிறீர்கள். சலேஹாவுக்காக என்று நினைத்துவிடாதீர்கள். அவள் நாற்பது நாளும் இன்ஹேலரைப் பையில் வைக்க மறந்தது தான்தான் என்று தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள். ஹாஃபிஸ் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அது அவர்கள் விஷயம், நான் தலையிடவில்லை.

நேற்று அமீராவின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா. வந்தவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு முகம்மது கனி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் தோளில் கை வைத்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

“அல்லாவோட நாட்டம், பாய். ஆனா உங்க வீட்டுல கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்.”

சுற்றி இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். ஹாஃபிஸும் ஆட்டினான். உங்கள் அறிக்கையிலும் அப்படித்தான் இருக்கிறது, ‘வீட்டாரின் கவனக்குறைவு’ என்று. இரவு முழுக்க அதை யோசித்துப் பார்த்தேன். காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு இங்கே வந்தேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். அதற்கு முன்னால் அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள். என் வீட்டில் எதுவும் கவனக்குறைவாக நடப்பதில்லை.