கூலி கொடுத்துப் போட்ட ஓட்டு

தேர்தல் நாளுக்கு முன்பே ஓட்டை வாங்கிப் போக வார்டு அலுவலக ஆள் வீட்டுக்கு வந்தபோது, ஓட்டுச் சீட்டை நிரப்பும் சிரமத்தையும் அவரிடமே தள்ளி, தேநீர் கொடுத்து அனுப்பிய அறிவாளி நான். மறுநாள், ரங்கூனில் தாகேதா பேட்டைக்குப் போகும் பஸ்ஸில், கண் தெரியாத ஒரு பெரியம்மா ஒட்டிய ஓட்டு உறையை மடியில் அழுத்திப் பிடித்திருந்தார். பக்கத்தில், அதை நிரப்பித் தந்த பெண்; பர்மிய மரியாதையில் ‘மா’ செல்வி.

“வார்டு ஆளு சும்மாவே எழுதித் தாறேன்னாரே ஆன்ட்டி, எனக்கு எதுக்குக் கூலி?”

“எங்கிட்ட கூலி வாங்குனா நான் சொன்னதை எழுதுவ, மா செல்வி. சும்மா எழுதுறவனுக்கு யாரு கூலி குடுக்குறா?”

“ஆத்தாடி! கூலி வாங்கக் கூடாதுன்னு சட்டம் போட்டா?”

“போடட்டும். சும்மா எழுதுறதுக்கும் சேத்துப் போடட்டும்.”

கண்டக்டர் கூவியதுகூட என் காதில் விழவில்லை. நான் என் நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

வீட்டுக்கு வந்து வியந்து சொன்னதும் மனைவி சொன்னாள்: “அப்ப நம்ம ஓட்டு பத்திரந்தான். வார்டு ஆளு நம்ம டீயை ரெண்டு கப் குடிச்சாரே.”