ஐந்தாவது கால்

டீயில் எனக்குச் சர்க்கரை குறைவாக இருக்க வேண்டும் ஐயா. இது சரியாக இருக்கிறது. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

ஆற்றங்கரைப் பாறைக்கு நான் பதினாறு வருடமாகக் காவலாளி. அதில் கற்கால மனிதன் செதுக்கிய மான் ஒன்று உண்டு. ஒன்றே ஒன்று. அதுவும் வெயில் சாய்ந்தால்தான் கண்ணுக்குப் புலப்படும். பஸ் ஏறி, மணலில் கால் புதைய நடந்து வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்.

"இவ்வளவுதானா?"

கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரியும். கல்யாணத்தன்று என்னைப் பார்த்து என் மாமியாரும் அதையேதான் சொன்னார்.

ஆள்வரத்து குறைந்தது. என் வேலையை எடுத்துவிடப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. எடுத்துவிட்டால் மச்சானின் கடையில் பஞ்சர் ஒட்ட வேண்டும். அவன் வாயில் விழுவதற்கு ஆற்றில் விழலாம்.

அதனால் மானுக்கு ஒரு துணை செதுக்கினேன். முறை தவறக் கூடாது பாருங்கள், கூழாங்கல்லாலேயே கொத்தினேன். நாலாவது காலை முடித்த நேரம் என் மனைவி கரை மேட்டிலிருந்து கத்தினாள். "சாப்பிட வர்றீங்களா, இல்ல நாய்க்கு வெச்சிடவா?" சாப்பிட்டு வந்ததில் கணக்கு விட்டுப்போய், இன்னொரு காலையும் கொத்திவிட்டேன்.

பல்கலைக்கழகத்துப் பேராசிரியை வந்தார். அந்த ஐந்தாவது காலைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கினார். "ஓட்டத்தையே செதுக்கியிருக்கான்யா. எப்பேர்ப்பட்ட கலைஞன்!" என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. எனக்கும் கண் கலங்கியது. அவர் அதைக் கடமை உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டார்.

பிறகு கை சும்மா இருக்கவில்லை. மீன், படகு, மாட்டு மந்தை. கலைஞன் பேர் கெடக் கூடாதென்று எல்லா மிருகத்துக்கும் ஐந்து கால் வைத்தேன். இடுப்பில் கை ஊன்றி நிற்கும் ஒருத்தியைப் பேராசிரியை 'குலத்தலைவி' என்றார். அது என் மாமியார். அவரே வந்து பார்த்துவிட்டு, "யாரோ மகராசி, மொகத்துல என்ன ஒரு களை" என்றார்.

கூட்டம் அலைமோதியது. மச்சான் குடும்பத்தோடு வந்து வரிசையில் நின்றான். என் வேலையும் நிலைத்தது.

இப்போது பழைய போட்டோவைக் காட்டி, அந்த முதல் மான் எங்கே என்கிறீர்கள். நியாயமான கேள்வி.

அதற்கு நாலே கால் ஐயா. மற்ற நாற்பத்திரண்டு உருவங்களோடு அது ஒட்டவே இல்லை. போன மாதம் ஒரு கண்ணாடிக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார். "இது மட்டும் எவனோ டூப்பு போட்டு வெச்சிருக்கான்யா."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஈர மணலை வைத்து மூன்று நாள் தேய்த்தேன். பதினாறு வருடமாகக் காவல் காக்கிறவன், பாறையில் ஒரு போலியை விட்டுவைக்க எனக்கு மனசு வருமா?