மாரிமுத்து அழுத அழுகை

மஸ்ஜித் தானாவிலிருந்து மலாக்கா போகிற பஸ்ஸை மறித்து, காட்டிலிருக்கும் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்கு யாராவது அரிசி கொண்டுபோகிறார்களா என்று சிப்பாய்கள் பைகளைக் குடைந்துகொண்டிருந்தார்கள். எனக்கு முன்சீட்டில் இரண்டு ரப்பர் தோட்டத்துப் பெண்கள். மடியில் பிள்ளையோடு இருந்த இளையவள் சொன்னாள்:

"நான் அழ வேண்டியத திருவிழா நாடகத்துல மாரிமுத்து அழுதுட்டான்க்கா."

"நானும் பாத்தேன்லா. பொம்பள வேசங்கட்டி, செத்த புருசனுக்கு அழுவுறான். ஒன் கொரலு, ஒன் முந்தான, அப்படியே நீதான். வெக்கங்கெட்ட பய. நானா இருந்தா நாலு வார்த்த கேட்டிருப்பேன்."

"என்னைப் பாத்து எப்படிக்கா அழுவான்? எங்க வூட்டுக்காரர சுட்டுப்போட்ட அன்னைக்கு கர்பியூ. ஒப்பாரிக்குக்கூட ஆளுங்கள விடல. நான் அழவே இல்லியே."

"பின்ன?"

"அவங்கிட்டயே கேட்டேன். 'நீங்க அழுதிருந்தா எப்படி அழுதிருப்பீங்கன்னு நெனச்சுப் பாத்தேன்க்கா'ன்னான்."

சிப்பாய்கள் இறங்கினார்கள், பஸ் கிளம்பியது. அதன் பிறகுதான் மூத்தவள் கேட்டாள்:

"சரியாத்தான் அழுதானா?"

"எல்லாம் சரிக்கா. மாருல அடிச்சிக்கிட்டான் பாருங்க, அது மட்டும் தப்பு. அன்னைக்கு என் ரெண்டு கையிலயும் இந்தப் புள்ள இருந்தான்."