பீரோ கேட்ட பாடம்

காலையில் திருவொற்றியூரிலிருந்து கிளம்பிய பஸ்ஸில், என் முன் சீட்டில் மீன் விற்கும் பெண்கள் இருவர் காலிக் கூடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆறு மாசமா எம்பொண்ணுக்கு பதிலா பீரோதான் ஒம்போதாங்கிளாஸ் படிச்சிகினு இருந்துச்சி" என்றாள் மூத்தவள்.

"இன்னாக்கா சொல்ற?"

"கண்ணு தெரியாத புள்ளைக்குன்னு, புக்க படிச்சிக் காட்ற டேப்லெட்டு ஒண்ணு ஸ்கூலுக்கு வந்துச்சி. ஒடைஞ்சிடும்னு டீச்சரம்மா பீரோல வெச்சி பூட்டிட்டாங்கோ."

"அப்போ பீரோ பாஸாயிடும்."

"போன வாரம் ஆபீசர் வந்தாரு. ஒடனே அத்த தொடச்சி, எம்பொண்ணு கையில குடுத்து, போட்டோ புடிச்சாங்கோ. 'எப்படிம்மா இருக்கு?'ன்னு கேட்டாரு."

"இவ இன்னா சொன்னா?"

"'கையில புடிச்சிக்க நல்லா கீது சார். பேசும்னு சொல்றாங்கோ, நான் இன்னும் கேட்டதில்ல'ன்னுட்டா."

இளையவள் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"அன்னிக்கே வூட்டுக்கு குடுத்தனுப்பிட்டாங்கோ. டீச்சரம்மா மூஞ்சிலதான் ஈயாடல."

"படிக்கிறாளா?"

மூத்தவள் குரலைத் தாழ்த்தினாள். "இத்தினி நாளா கூடப் படிக்கிற பொண்ணுங்க யாராச்சும் மனசு வெச்சி படிச்சிக் காட்டணும். நேத்து ஒரே பாடத்த அஞ்சு தபா கேட்டா. அப்பறம், 'யம்மா, இன்னிக்கு யாரையும் கெஞ்சல'ன்னா."

"நீ இன்னா சொன்ன?"

"இன்னாத்த சொல்றது? கொழம்பு பொங்குதுன்னு சொல்லிட்டு அடுப்பாண்ட போய்ட்டேன். அடுப்பே பத்த வெக்கல."