முதலில் கொடுத்த மீஹூன்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். குருண் டவுனுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவியும் செயலாளரும் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்க்கவில்லை.

"இனிமே மீஹூன் சாப்பாட்டைக் கடைசியிலதான் கொடுக்கணும்லா," என்றார் தலைவி.

"ஏன்க்கா?"

"போன கூட்டத்துல முதல்லயே கொடுத்துட்டேன். பொட்டலத்த வாங்கிட்டு எல்லாரும் கெளம்பிட்டாங்க. வருகைப் பட்டியல்ல கையெழுத்துப் போட ஆளில்ல."

"ஆள் சேரலன்னா சங்கப் பதிவே போயிடுங்க்கா. சங்கத்துக் கடிதம் இல்லாம ஆபீஸ்ல கால்வாய் மனுவ வாங்கமாட்டாங்க. மழை வந்தா திரும்பவும் என் அடுப்படியிலதான் தண்ணி நிக்கும்."

"மறுபடியும் கூட்டம் போட்ருவோம். மொத ஆளா போனது யாரு தெரியுமா? நம்ம துணைத் தலைவி."

"அந்த வாய் தெறக்காத அம்மாவா?"

"பொட்டலம் வாங்க மட்டும் கை நீளுது."

இருவரும் சிரித்தார்கள். அந்தத் துணைத் தலைவி நான்தான். அப்போதும் வாய் திறக்கவில்லை.

அடுத்த கூட்டம் வெள்ளியா, சனியா என்று சரியாகக் காதில் விழவில்லை. அவர்களிடம் கேட்க வெட்கம். யாராவது விசாரித்துச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகே பொட்டலம் வாங்குகிறேன்.